மலிவு லைட் ஃபிட்டிங்குகள் ஏன் முன்போல் உழைப்பதில்லை?

கேள்வி இது: பல வருடங்களுக்கு முன் வாங்கிய சுவர் விளக்கும் தொங்கு விளக்கும் இன்றும் எரிகின்றன. அண்மையில் வாங்கிய மலிவான இறக்குமதி ஃபிட்டிங்குகள் மட்டும் ஒன்றிரண்டு வருடத்தில் மினுக்க ஆரம்பித்து அணைந்துபோகின்றன. எல்இடியின் குணமே இதுதானா, இல்லை வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா? வாங்கும்போது எதைப் பார்ப்பது? கெட்டுப்போனதை என்ன செய்வது?

முதலில் எல்இடி மேல் இருக்கும் பழியை நீக்கிவிடுவோம். ஒரு விளக்கில் இருக்கும் பாகங்களிலேயே வருடத்துக்கு வருடம் நிஜமாகவே மேம்பட்டு வந்தது வெளிச்சம் தரும் எல்இடி சில்லு ஒன்றுதான். ஷுஜி நகாமுரா 1993இல் நிச்சியா நிறுவனத்தில் பளிச்சென்ற நீல எல்இடியைச் செய்து காட்டினார். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரோடு அவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசினால் வெள்ளை வெளிச்சம். வீட்டு எல்இடி பல்புகள் பரவலான காலத்தில் ஒரு வாட்டுக்கு 60, 70 லூமன் (வெளிச்சத்தின் அளவு) கிடைத்தாலே பெரிய விஷயம். இன்று சாதாரண விளக்கே 100 லூமனைத் தாண்டுகிறது. அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் குறைவு, வெப்பமும் குறைவு என்றால் ஆயுள் கூடியிருக்க வேண்டும் அல்லவா?

கூடவில்லை. ஏனென்றால் அந்த முன்னேற்றம் முழுவதும் பொருளைக் குறைப்பதற்கே செலவாகிவிட்டது. ஆரம்பகால எல்இடி பல்பு ஒன்று கையில் இருந்தால் தூக்கிப் பாருங்கள். கழுத்தில் செதில் செதிலாக அலுமினியம் வார்த்திருப்பார்கள், கனமாக இருக்கும். சில்லின் திறன் ஏறியதும் அவ்வளவு அலுமினியம் வேண்டாம் என்று ஆனது. செதில்கள் போய் பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய அலுமினியக் கிண்ணம் வந்தது, பிறகு அந்தக் கிண்ணமும் தகடாகச் சுருங்கியது. முப்பது சில்லுகள் இருந்த இடத்தில் பத்தை வைத்து, மூன்று மடங்கு மின்சாரத்தை அவற்றில் செலுத்தினார்கள். வெப்பம் பழைய அளவுக்கே ஏறியது. இப்படிப் பெரும்பாலான விளக்குகள் தாங்கும் எல்லையின் விளிம்பிலேயே ஓடுகின்றன. மலிவு ரகங்கள் அந்த விளிம்பையும் தாண்டி ஓடுகின்றன.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 2016இல் பிலிப்ஸ் துபாய்க்காகச் செய்த விளக்கில் வழக்கத்தைவிட அதிகமான எல்இடி இழைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் குறைவான மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். வாட்டுக்கு 200 லூமன் கிடைத்தது, விளக்கு சூடாவதும் குறைந்தது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. சில்லுகளைக் கூட்டு, மின்னோட்டத்தைக் குறை, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சில்லும் காசு. பெட்டியின் மேல் "12 வாட்" என்று போட்டுவிட்டால் உள்ளே எத்தனை சில்லு என்று எண்ணிப் பார்த்து வாங்குபவர் யார்?

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது, ஆனால் பலர் கவனிப்பதில்லை. உங்களுடைய அந்தப் பழைய சுவர் விளக்கு உண்மையில் என்ன? ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர், ஒரு உலோகக் கை, கண்ணாடி மூடி. அதில் கெட்டுப்போக எதுவுமே இல்லை. கெடுவது பல்பு, அதைத் திருகிக் கழற்றி வேறு போடுவோம். இப்போது வரும் ஃபிட்டிங்கில் பல்பு என்று தனியாக ஒன்று இல்லை. எல்இடி பலகையும், அதற்கேற்ற மின்னோட்டத்தைக் கொடுக்கும் டிரைவர் என்ற சுற்றும் உள்ளேயே ஒட்டியோ ரிவிட் அடித்தோ வருகின்றன. அதாவது நாம் வாங்குவது இப்போது ஒரு எலக்ட்ரானிக் சாதனம், அதுவும் காற்றோட்டமில்லாத டப்பாவுக்குள் அடைத்துக் கூரையில் மாட்டிய சாதனம். பழைய விளக்கோடு இதை ஒப்பிடுவதே பொருத்தமில்லை. பழைய விளக்கிலும் நீங்கள் எத்தனையோ பல்பு மாற்றியிருப்பீர்கள், அது கணக்கில் வருவதில்லை.

சரி, எங்கே சாகிறது என்று பார்ப்போம். திறந்து பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி டிரைவர்தான். அதிலும் குறிப்பாக அதில் நிற்கும் உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். இதன் ஆயுளைக் கணக்குப் போட எளிய வழி உண்டு. உறையில் "105 டிகிரி" என்று அச்சடித்த சாதாரண கெப்பாசிட்டரின் ஆயுள், அந்த 105 டிகிரியில் ஓடினால் 2000 மணி நேரம். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 95 டிகிரியில் 4000, 85இல் 8000, 75இல் 16,000, 65இல் 32,000. தினமும் ஆறு மணி நேரம் எரியும் விளக்கில் டிரைவர் டப்பாவுக்குள் 95 டிகிரி இருந்தால் 4000 மணி நேரம் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். அதே கெப்பாசிட்டர் 65 டிகிரியில் இருந்தால் பதினாலு வருடம் ஓடும். பாகம் ஒன்றுதான், இடம்தான் வேறு. நல்ல தயாரிப்பாளர் இந்த கெப்பாசிட்டரை எல்இடி பலகையிலிருந்து தள்ளி வைப்பார், 5000 அல்லது 10,000 மணி நேர ரகத்தைப் போடுவார். மலிவு ரகத்தில் அது பலகைக்கு நேர் பின்னால், சூட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தலைப்பகுதி லேசாக உப்பியிருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முந்தைய கட்டம்தான் நீங்கள் பார்க்கும் மினுக்கல்.

அடுத்தது சில்லே எரிந்துபோவது. மலிவு விளக்குகளில் எல்லா எல்இடிகளும் ஒரே வரிசையில் தொடராக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாமே அணைந்துவிடும். அணைந்த விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சள் சில்லுகளில் ஒன்றின் நடுவே மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி தெரியும். விளக்கைப் போட்டதும் எரிகிறது, சில நிமிடத்தில் அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக மறுபடி எரிகிறது என்றால், சில்லுக்குள் இருக்கும் முடியை விட மெல்லிய இணைப்புக் கம்பி சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முன்பு இந்தக் கம்பி தங்கத்தில் இருந்தது. பிறகு செலவைக் குறைக்கத் தாமிரமும் கலப்பு உலோகங்களும் வந்தன. அவற்றையும் சரியாகச் செய்தால் பிரச்சினை இல்லை. சரியாகச் செய்கிறார்களா என்பதுதான் பிரச்சினை.

மூன்றாவதாக ஒன்று: இப்போது பல ஃபிட்டிங்குகளில் தனி டிரைவரே கிடையாது. எல்இடி பதித்த அதே அலுமினியப் பலகையில் ஏசியை டிசியாக்கும் ஒரு பாலம் (பிரிட்ஜ்), ஒரு சின்ன ஐசி, இரண்டு ரெசிஸ்டர், வேலை முடிந்தது. தொழிலில் இதை டிஓபி (டிரைவர் ஆன் போர்டு) என்பார்கள். மின்மாற்றி இல்லை, மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தல் இல்லை, மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுக்க வேரிஸ்டர் இல்லை, பல நேரம் அலையைச் சமன்படுத்தும் கெப்பாசிட்டரும் இல்லை. கெப்பாசிட்டர் இல்லாததால் அது உப்பும் தொல்லையும் இல்லை என்பது இதற்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்இடிகளே நேரடியாக மெயின்ஸ் மின்சாரத்தில் இருப்பதால், உங்களுக்கும் ஷாக்குக்கும் நடுவில் இருக்கும் ஒரே காப்பு அந்த பிளாஸ்டிக் மூடிதான். மூடி தானாகக் கழன்று விழும் விளக்கில் இந்த வகைப் பலகை இருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில்கூட விரலை வைக்காதீர்கள். மெயின் பிரேக்கரை இறக்கிய பிறகுதான் தொட வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் "50,000 மணி நேரம்" பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் என்றால் அது 45 வருடம். இந்த எண் எங்கிருந்து வருகிறது? எல்எம்-80 என்ற சோதனை முறையில் எல்இடி சில்லுகளைக் குறைந்தது 6000 மணி நேரம் எரியவிட்டு வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். பிறகு டிஎம்-21 என்ற கணக்கின்படி அந்தக் கோட்டை முன்னோக்கி நீட்டுகிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் நீட்ட முடியாது, சோதித்த நேரத்தைப் போல அதிகபட்சம் ஆறு மடங்கு. 6000 மணி நேரம் சோதித்தவர் 36,000 வரைதான் சொல்லலாம். 50,000 சொல்ல வேண்டுமென்றால் 8300 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு முழு வருடம் இடைவிடாமல் எரித்துப் பார்த்திருக்க வேண்டும். இதில் இரண்டு பொடி எழுத்துச் சமாச்சாரங்கள் உண்டு. ஒன்று, "ஆயுள்" என்பது விளக்கு அணையும் நேரமல்ல, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் நேரம். எல்70 என்று போட்டிருப்பது அதைத்தான். இரண்டு, அந்தச் சோதனை சில்லுக்கு மட்டும். டிரைவர், சால்டர், ஒயர், மூடி எதுவும் அதில் இல்லை. ஆக, 50,000 மணி நேரம் தாங்கும் சில்லை 4000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டரோடு கட்டிப்போட்டு, பெரிய எண்ணைப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். சட்டப்படி பொய் என்று நிரூபிப்பதும் கஷ்டம்.

எலக்ட்ரானிக்ஸை விட எனக்கு அதிகக் கவலை தருவது உலோகமும் ஒயரும்தான். எலக்ட்ரானிக்ஸ் கெட்டால் விளக்கு அணையும், அவ்வளவுதான். இவை கெட்டால் ஷாக் அடிக்கும் அல்லது தீப்பிடிக்கும்.

பித்தளை என்று பார்வைக்குத் தெரியும் கைகள் இப்போது பெரும்பாலும் பூச்சுப் பூசிய மெல்லிய இரும்புக் குழாய்கள். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். காந்தம் ஒட்டவில்லை, ஆனாலும் விலை சந்தேகப்படும்படி குறைவு என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். அது நல்ல பொருள்தான், ஆனால் தடிமனைக் குறைத்து வார்த்தால் திருகு மரை இரண்டாவது முறை முறுக்கும்போதே உதிர்ந்துவிடும். வெளிப்புற விளக்குகளில் பவுடர் கோட்டிங் பார்க்க அழகாகவே இருக்கும். பூசுவதற்கு முன் உலோகத்தைக் கழுவி, பாஸ்பேட் போன்ற முன்பூச்சு கொடுக்க வேண்டும். அந்த வேலை கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் வண்ணம் தோல் தோலாக உரியும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு "ஐபி65" என்று பொறித்த விளக்கின் ரப்பர் வளையம் மூலையில் இணையாமல் இடைவெளி விட்டிருப்பதையும் பார்க்கலாம். தண்ணீர் உள்ளே போவது ஒரு பக்கம், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கண்ணாடிக்குள் வியர்த்து நிற்பது இன்னொரு பக்கம்.

ஒயரில் நடக்கும் மோசடிக்குத் தாமிரம் பூசிய அலுமினியம் என்று பெயர். வெளியே செம்பு நிறம், பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்தின் கடத்தும் திறன் தாமிரத்தில் சுமார் 60 சதவீதம்தான். விளக்குக்கு வேண்டிய மின்னோட்டம் சொற்பம் என்பதால் அது மட்டும் பெரிய குறையல்ல. இந்த ஒயர் நாலு முறை மடக்கினால் ஒடிகிறது என்பதும், திருகுக்கு அடியில் காலப்போக்கில் நசுங்கித் தளர்ந்துபோகிறது என்பதும்தான் குறை. தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடான இணைப்பு இன்னும் தளரும். அதோடு ஒயரின் மேலுறை வேறு. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைதான் நீண்ட நாள் தாங்கும். சூடான ஃபிட்டிங்குக்குள் போகும் ஒயருக்கு சிலிக்கோன் உறையோ அதுபோல வெப்பம் தாங்கும் வேறு உறையோ வேண்டும். பழைய விளக்கைக் கழற்றும்போது ஒயரின் உறை அப்பளம் மாதிரி நொறுங்கினால் காரணம் இதுதான்.

எர்த் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உலோக உடம்புள்ள விளக்குக்கு எர்த் இணைப்பு கட்டாயம். இல்லையென்றால் அது இரட்டைக் காப்பு உள்ளதாக இருந்து, சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்டிருக்க வேண்டும். மலிவு ஃபிட்டிங்குகளிலும் பச்சை-மஞ்சள் ஒயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் முனை எங்கே முடிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வண்ணம் பூசிய தகட்டின் மேல், வண்ணத்தைச் சுரண்டாமல், பல் வாஷர் போடாமல் திருகி வைத்திருப்பார்கள். வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் இருப்பது போலத் தெரியும், எர்த் இருக்காது. ஐஇசி 60598 என்ற சர்வதேசத் தரம் இதற்காகவே, ஒவ்வொரு விளக்கும் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் குறைந்தது 10 ஆம்பியர் செலுத்தி எர்த் தடையை அளக்க வேண்டும், அது அரை ஓமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சில விநாடி வேலை. அந்தச் சில விநாடியை மிச்சப்படுத்தியதன் விளைவுதான், ஏணியில் ஏறி விளக்கைத் துடைக்கும்போது விரலில் சுரீரென்று இழுப்பது. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் மாட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம். எர்த் ஒயருக்கும், வண்ணம் இல்லாத ஏதாவது ஒரு திருகுத் தலைக்கும் இடையே தொடர்ச்சி காட்ட வேண்டும். மீட்டர் காட்டும் சின்ன மின்னோட்டத் தொடர்ச்சி 10 ஆம்பியர் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் எர்த்தே இல்லாத விளக்கை அது நிச்சயம் பிடித்துக் கொடுக்கும்.

இங்கே ஒரு சின்ன விலகல்: சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுமினுக்கிறது என்று பலர் விளக்கைக் குறை சொல்கிறார்கள். அது பெரும்பாலும் விளக்கின் குற்றமல்ல. சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் இருந்தாலோ, சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலோ, நீளமான ஒயர்கள் அருகருகே ஓடினாலோ மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து வரும். எல்இடிக்கு அதுவே போதும். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் அணைத்த விளக்கிலும் ஃபேஸ் உயிரோடு இருக்கிறது.

வெளிச்சத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும். சமன்படுத்தும் கெப்பாசிட்டர் இல்லாத விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் கீழே நீண்ட நேரம் படிக்கும் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் வருகிறது. கைபேசிக் கேமராவை விளக்கின் அருகே காட்டினால் கறுப்புப் பட்டைகள் நகர்வது தெரியும். இன்னொன்று நிறம். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ 80 என்று பெட்டியில் இருக்கும். அந்த எண் எட்டு வெளிறிய வண்ணங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் இல்லை. ஆர்9 என்று தனியாகக் குறிப்பிடும் அந்தச் சிவப்பு அளவு பூஜ்யத்துக்கு அருகில் இருந்தாலும் சிஆர்ஐ 80 வாங்கிவிடலாம். முகங்கள் எல்லாம் ரத்தமில்லாமல் வெளிறித் தெரியும் அறைகளில் நடப்பது இதுதான்.

இனி, வேண்டுமென்றே செய்கிறார்களா என்ற கேள்வி. இதைக் கேட்கும் எல்லோரும் ஃபீபஸ் கூட்டணியை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். 1924 கடைசியில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ், ஜெனரல் எலக்ட்ரிக்கோடு தொடர்புடைய நிறுவனங்கள் முதலான பெரிய பல்புக் கம்பெனிகள் கூடி, இழை பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாக வைத்தன. அதற்கு மேல் எரியும் பல்பை விற்ற உறுப்பினருக்கு அபராதம்கூட இருந்தது. இரண்டாம் உலகப் போரோடு அந்தக் கூட்டணி கலைந்தது. அது நிஜமான சதி, ஆவணங்கள் உள்ளன. இன்று நடப்பது அந்த வகையல்ல என்பது என் கருத்து. நாலைந்து கம்பெனிகள் கூடி முடிவெடுப்பதற்குச் சந்தை அவர்கள் கையில் இருக்க வேண்டும். அலங்கார விளக்குச் சந்தை அப்படி இல்லை. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சோங்ஷான் நகரைச் சேர்ந்த குசென் என்ற ஊருக்கு "விளக்குத் தலைநகர்" என்றே பெயர். அங்கே விளக்குத் தொழிற்சாலைகளும் பாகம் செய்யும் பட்டறைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒருவர் காலையில் புது வடிவம் வைத்தால் பக்கத்து ஆள் அதையே கொஞ்சம் மலிவாகச் செய்யத் தயாராக இருப்பார். சதி செய்ய அங்கே நேரமில்லை, போட்டி போடவே நேரம் சரியாக இருக்கிறது.

போட்டி தரத்தைக் கெடுக்கும் விதம் இப்படி: இறக்குமதியாளர் ஒரு மாதிரி விளக்கை வாங்கிச் சோதித்து ஒப்புக்கொள்கிறார். முதல் கப்பல் சரக்கு அந்த மாதிரி போலவே வருகிறது. இரண்டாவது ஆர்டரில் விலையை இன்னும் குறைக்கச் சொல்கிறார். தொழிற்சாலை முடியாது என்று சொல்வதில்லை, குறைத்துக் கொடுக்கிறது. எப்படிக் குறைத்தது என்று இவர் கேட்பதுமில்லை. தகட்டின் தடிமன் ஒரு இழை குறையும், 105 டிகிரி கெப்பாசிட்டர் 85 டிகிரி ஆகும், சில்லு இருபதிலிருந்து பதினாறு ஆகும். மாடல் எண் மாறாது, பெட்டி மாறாது, சான்றிதழ் பழைய மாதிரிக்கு வாங்கியதே தொடரும். அதனால்தான் அதே மாடலை மறுபடி வாங்கியவர் "போன தடவை நன்றாக இருந்ததே" என்று குழம்புகிறார். இதில் இறக்குமதி என்பது குற்றமல்ல. உயர்ந்த விலையில் விற்கும் நல்ல பெயருள்ள விளக்குகளும் பல நேரம் அதே நாட்டிலிருந்துதான் வருகின்றன. இந்தப் பாகம், இந்த கனம், இந்தச் சோதனை என்று எழுத்தில் கேட்டு, சரக்கு ஏறும் முன் ஆள் அனுப்பித் திறந்து பார்ப்பவருக்கு அந்தத் தொழிற்சாலை நல்லதைத்தான் செய்து கொடுக்கிறது. விலையை மட்டும் கேட்டவருக்கு விலையை மட்டும் கொடுக்கிறது.

வாங்கும்போது என்ன செய்யலாம்? என் முதல் யோசனை பலருக்குப் பழைய காலத்து ஆள் பேச்சாகத் தோன்றலாம்: முடிந்த இடத்தில் எல்லாம் ஹோல்டர் உள்ள ஃபிட்டிங்கை வாங்குங்கள். இ27 போன்ற பொதுவான ஹோல்டர் இருந்தால் ஃபிட்டிங்கில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, பல்பைத் தனியாக நல்லதாகப் பார்த்து வாங்கலாம். ஒரே கவனம், ஃபிட்டிங் முழுக்க மூடிய கண்ணாடிக் கூடு என்றால், மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட எல்இடி பல்பைப் போட வேண்டும். வாட்டும் குறைவாக இருக்கட்டும். மற்றபடி கெப்பாசிட்டர் கணக்கு அங்கேயும் அதேதான்.

ஹோல்டர் வைக்க இடமில்லாத டவுன்லைட், பேனல் லைட் வகைகளில் டிரைவர் தனி டப்பாவாக, செருகும் இணைப்போடு வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதி, விளக்குக்குள் இருக்கும் ஒளிமூலத்தையும் டிரைவரையும் சாதாரணக் கருவிகளால் சேதமில்லாமல் கழற்றி மாற்ற முடிய வேண்டும், முடியாது என்றால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் காட்ட வேண்டும் என்கிறது. அந்தச் சந்தைக்காகச் செய்த மாடல்களில் இந்த வசதி இருக்க வாய்ப்பு அதிகம். கையில் எடுத்துக் கனம் பாருங்கள், ஒரே அளவு விளக்குகளில் கனமானதில்தான் பெரும்பாலும் அலுமினியம் இருக்கிறது. ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் இழுப்பைத் தாங்கும் பிடி இருக்கிறதா, ஓட்டையின் விளிம்பு கூராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் எரியவிட்டு, அணைத்துவிட்டு உடம்பைத் தொட்டுப் பாருங்கள். உலோக உடம்பு மிதமாகச் சுடுவது நல்லது, சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். 20 வாட் விளக்கு உடம்பு ஜில்லென்று இருந்தால் சூடு முழுக்கச் சில்லிலேயே தங்கியிருக்கிறது, அல்லது அது 20 வாட்டே இல்லை.

முத்திரைகளில் சிஇ (CE) என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். விளக்குகளைப் பொறுத்தவரை அது தயாரிப்பாளர் தானே செய்துகொள்ளும் உறுதிமொழி, வெளி ஆய்வகம் எதுவும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யூஎல் (UL), எனெக் (ENEC) போன்றவை மூன்றாவது தரப்பு சோதித்துக் கொடுப்பவை. எனெக் முத்திரையின் பக்கத்தில் எந்த அமைப்பு சோதித்தது என்பதற்கான எண் இருக்கும். யூஎல்லுக்குக் கோப்பு எண் உண்டு, அதை அவர்களுடைய தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத முத்திரையை அச்சகத்தின் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, செத்துப்போனவை. தனி டிரைவர் உள்ள விளக்கு அணைந்தால் எறிய வேண்டாம், பெரும்பாலும் டிரைவரை மாற்றினால் போதும். பழைய டிரைவரின் மேல் வெளியீடு என்ற இடத்தில் 300 மில்லியாம்ப், 25 முதல் 42 வோல்ட் என்பது போல இரண்டு விவரம் இருக்கும். புதியதில் மின்னோட்டம் அதே அளவாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும், வோல்ட் எல்லை பழையதை உள்ளடக்க வேண்டும், டப்பா கூரை ஓட்டைக்குள் நுழைய வேண்டும். 300க்குப் பதில் 250 போட்டால் வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, சில்லு கணிசமாகக் குளிரும். நான் வேண்டுமென்றே குறைத்துத்தான் போடுவேன். டிஓபி பலகைகளிலும் இதே தந்திரம் உண்டு. மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்கள் இரண்டு இணையாக இருந்தால் மதிப்பு பெரிதாக உள்ள ஒன்றை எடுத்துவிட்டால் மின்னோட்டம் இறங்கும், ஆயுள் ஏறும். ஆனால் அது சால்டரும் மெயின்ஸும் பழகியவர் வேலை. அணைத்த பிறகும் டிரைவரின் பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் இணைப்பில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும் என்பதை அறியாதவர் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது.

எல்லாம் ஒட்டிய விளக்காக இருந்தால் வழி குறைவு. கூடு அழகாக இருந்து, உள்ளே இடமும் இருந்தால், பலகையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பீங்கான் ஹோல்டர் ஒன்றை வைக்கச் சொல்லலாம். எர்த்தை அப்போதே சுரண்டிச் சரியாக இணைத்துவிடச் சொல்லுங்கள். இனி ஒரே மாதிரி விளக்குகளைப் பத்துப் பன்னிரண்டு என்று வாங்கப்போகிறீர்கள் என்றால், அதே சமயம் இரண்டு டிரைவரும் கேட்டு வாங்கி எடுத்து வையுங்கள். இவை கெடும்போது அந்த மாடல் சந்தையில் இருக்காது.